எண்ணிக்கை இல்லாதவர்களுக்கு ஒரு நாற்காலி

அன்புள்ள ஐயா,

குடிமைப் பணித் தேர்வுக்காக டெல்லி ஓல்டு ராஜேந்தர் நகரில் தங்கிப் படிக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். 1989இல் வந்த வி.பி.சிங்கின் தேசிய முன்னணி அரசை எங்கள் வகுப்பில் "கிச்சடி சர்க்கார், 11 மாதத்தில் கவிழ்ந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க. ஓர் இடத்தில்கூட ஜெயிக்கவில்லை, ஆனாலும் முரசொலி மாறனுக்குக் கேபினட் பதவி கொடுத்தார்கள் என்று படித்தேன். கூடப் படிக்கும் பையன் "அது போட்ட பிச்சை" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அப்போது டெல்லியில் இருந்தவர். சொல்லுங்கள் ஐயா.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

பிச்சை இல்லை. அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் ஆறவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் அப்போது மத்திய அரசில் கீழ்நிலை எழுத்தர். கரோல் பாகில் மூன்று பேராக ஓர் அறை, சாப்பாடு பக்கத்துச் சந்து மெஸ்ஸில். பதவியேற்பை அந்த மெஸ்ஸின் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் தூர்தர்ஷன் காட்டியபோது பார்த்தோம். பிரமாணம் செய்துவைத்த குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன், பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்துக்காரர். அவர் "மந்திரி" என்று சொல்லித்தர, ஹரியானா தலைவர் தேவிலால் "உப் பிரதான் மந்திரி" (துணைப் பிரதமர்) என்றார். வெங்கட்ராமன் திருத்தினார். தேவிலால் மறுபடியும் அதையே சொன்னார். துணைப் பிரதமர் என்று ஒரு பதவி அரசியல் சட்டத்தில் கிடையாது. இது உச்ச நீதிமன்றம் வரை போய், பிரமாணம் செல்லும், ஆனால் அவரும் மற்ற அமைச்சர்களைப் போல ஓர் அமைச்சர்தான் என்று முடிந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அன்று தமிழ்நாட்டின் 39 இடங்களில் காங்கிரஸுக்கு 27, அ.தி.மு.க.வுக்கு 11, இந்தியக் கம்யூனிஸ்ட்டுக்கு 1. தி.மு.க.வுக்குச் சுழியம். இதை மட்டும் பார்த்தால் உங்கள் நண்பர் சொல்வது நியாயம்போலத் தெரியும். மற்ற மாநிலக் கட்சிகளையும் பாருங்கள். தெலுங்கு தேசத்துக்கு இரண்டே இடம். அசாமில் அந்த முறை தேர்தலே நடக்கவில்லை, அதனால் அசாம் கண பரிஷத்துக்கும் ஒன்றுமில்லை. மூன்று கட்சிக்கும் சேர்த்து மக்களவையில் இரண்டு பேர். அமைச்சரவையிலோ மூன்று பேர்: மாறனுக்கு நகர்ப்புற வளர்ச்சி, தெலுங்கு தேசத்தின் உபேந்திராவுக்குத் தகவல் ஒலிபரப்பு, அசாம் கண பரிஷத்தின் தினேஷ் கோஸ்வாமிக்குச் சட்டம்.

எம்.பி.க்களை எண்ணிக் கொடுத்த பதவிகளாக இருந்தால் இந்தக் கணக்கு வரவே வராது. 1988 செப்டம்பரில் அந்த முன்னணியைத் தொடங்கிவைத்த பேரணி நடந்ததே சென்னையில், மெரினாவில்தான். முன்னணிக்குத் தலைவர் என்.டி.ராமராவ். கூட்டு சேர்ந்தபோது தோள்கொடுத்த மாநிலங்களைத் தேர்தலில் தோற்றதற்காகக் கைகழுவாமல் உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள். அந்தச் செய்கையை நான் இன்றும் பெரிதாக மதிக்கிறேன்.

நகர்ப்புற வளர்ச்சி என்றால் டெல்லியில் சும்மா இல்லை. அரசு குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் அலுவலகம் அந்தத் துறைக்குக் கீழேதான் வரும். "உங்க ஊர் மந்திரியாச்சே, வீடு கிடைக்குமா?" என்று செக்‌ஷனில் எல்லோரும் என்னைக் கேட்பார்கள். நான் போய்க் கேட்கவும் இல்லை, எனக்கு வீடு வரிசைப்படி பல வருஷம் கழித்துத்தான் வந்தது. ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த மரியாதை, அதுவரை "மதராசி" என்று மட்டுமே கூப்பிடப்பட்ட எனக்குப் புதிது.

நீங்கள் மன்னார்குடி என்று எழுதியிருப்பதால் காவிரியைச் சொல்லாமல் விட முடியாது. நடுவர் மன்றம் வேண்டும் என்று தமிழ்நாடு முறைப்படி கேட்டது 1986இல். கோரிக்கை டெல்லியில் கிடந்தது. 1990 மே மாதம் உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்னது, ஜூன் 2 அன்று அமைந்தது. நீதிமன்றம் சொல்லித்தான் செய்தார்கள் என்பீர்கள். சரிதான். ஆனால் இழுத்தடிக்காமல் ஒரே மாதத்தில் செய்தார்கள்.

குறைகளும் இருந்தன. தேவிலாலுக்கும் பிரதமருக்கும் நடந்த சண்டையில் அரசு பாதி நாள் தள்ளாடியது, ஆகஸ்ட் தொடக்கத்தில் தேவிலாலை நீக்கினார்கள். காஷ்மீரையும் நன்றாகக் கையாளவில்லை.

ஆகஸ்ட் 7 அன்று, பிற்படுத்தப்பட்டோருக்கான மண்டல் குழு அறிக்கையை நிறைவேற்றும் அறிவிப்பு வந்தது. பத்து வருஷம் தூங்கிய அறிக்கை, மத்திய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. டெல்லி பற்றி எரிந்தது. பஸ்கள் ஓடாத நாட்களில் கரோல் பாகிலிருந்து நடந்தே ஆபீஸ் போனேன். எங்கள் மெஸ்ஸிலேயே தமிழர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வருஷக்கணக்கில் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனார்கள். ஆகஸ்ட் 13 தேதியிட்ட ஆணையின் நகல் ஒருநாள் என் மேஜைக்கு வந்தது. ஓரம் மை படிந்த மெலிந்த தாள். அதை இரண்டு முறை படித்தேன். என் அப்பா நெசவாளி. அந்த 27 என்ற எண் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபரில் அயோத்தி ரத யாத்திரை போன பா.ஜ.க. தலைவர் அத்வானி பீகாரின் சமஸ்திபூரில் கைதானார், அதுவரை அரசை வெளியிலிருந்து தாங்கிய பா.ஜ.க. ஆதரவை விலக்கிக்கொண்டது. நவம்பர் 7 நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 142, எதிர்ப்பு 346. ஆட்சி போனது. ஆணை போகவில்லை. 1992இல் உச்ச நீதிமன்றம் வசதி படைத்தோரை விலக்கச் சொல்லி 27 விழுக்காட்டை ஏற்றது.

தேர்வு விண்ணப்பத்தில் பிரிவு கேட்கும் கட்டம் ஒன்று வருமே, அதை உங்கள் நண்பர் எப்படி நிரப்புகிறார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். அந்த ஆகஸ்ட் 13 ஆணை சின்னதுதான். இருவரும் சேர்ந்து ஒருமுறை படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.