பழைய .22 ரிவால்வரைச் சீர்ப்படுத்துவது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): ஐயா, வணக்கம். என் தந்தையார் உரிமம் பெற்று வைத்திருந்த .22 ரிம்ஃபயர் ரிவால்வர், அவர் காலமான பிறகு முறைப்படி விண்ணப்பித்ததில் இப்போது என் பெயரிலுள்ள உரிமத்தில் ஏறியிருக்கிறது. விலை குறைந்த பழைய வெளிநாட்டு உருப்படி. பல வருடங்கள் தோல் உறையோடு பீரோவுக்குள்ளேயே கிடந்ததால் துருப்பிடித்து, சிலிண்டர் (தோட்டாக்களை இடும் சுழல் உருளை) இறுகிச் சுற்றுகிறது. ரைஃபிள் கிளப்பில் சுட்டுப் பார்த்தபோது ஆறு தோட்டாக்களில் இரண்டு வெடிக்கவில்லை. தெரிந்த லேத் பட்டறைக்காரர், ஃபயரிங் பின்னை (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் முள்ளை) புதிதாகக் கடைந்து தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? இதைச் சீர்ப்படுத்தச் செய்யும் செலவுக்குப் பலன் உண்டா?

பதில்: பட்டறைக்காரர் எவ்வளவு கைத்தேர்ச்சி உள்ளவராக இருந்தாலும் அவரிடம் கொடுக்காதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கிகளைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் மட்டுமல்லாமல் பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்கிறது. உங்களிடமுள்ள உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்வதற்கானது. அது பட்டறைக்காரருக்கும் பொருந்தாது, உள்பாகங்களை நீங்களே மாற்றிக்கொள்வதற்கும் பொருந்தாது. துடைப்பதும் எண்ணெய் இடுவதும் உங்கள் வேலை. அதற்கு மேற்பட்டதெல்லாம் பழுது பார்க்கும் உரிமமுள்ள துப்பாக்கிக் கடையின் ஆர்மரருடைய, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவருடைய வேலை. கடையில் விட்டு வரும்போது வரிசை எண் குறிப்பிட்ட ரசீதைக் கேட்டு வாங்கி, உரிமப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்மரரிடம் போவதற்கு முன் நோயை ஓரளவு கண்டறிந்துகொண்டு போனால் வேலையும் செலவும் குறையும். ஆகவே, ரிம்ஃபயர் தோட்டா எப்படி வெடிக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சென்டர்ஃபயர் தோட்டாவில் அடிப்பாகத்தின் நடுவே தனியாக ஒரு சிறு மூடி பதிக்கப்பட்டிருக்கும். ரிம்ஃபயரில் அந்த மூடி கிடையாது. பித்தளைக் கூட்டின் அடியில் மடிந்து நிற்கும் விளிம்புக்குள்ளேயே தீ மூட்டும் மருந்து பரப்பப்பட்டிருக்கும். ஃபயரிங் பின் அந்த விளிம்பை, சிலிண்டர் அறையின் (தோட்டா உட்காரும் துளையின்) வாய்க்கரையோடு சேர்த்து வைத்து நசுக்கினால்தான் மருந்து பற்றும். அதாவது, அடிக்கும் பின் ஒரு பக்கமும் தாங்கும் அறைக்கரை மறுபக்கமும் சரியாக இருக்க வேண்டும். இரண்டில் எது பழுதானாலும் தோட்டா வெடிக்காது. பலரும் பின்னை மட்டுமே சந்தேகிக்கிறார்கள். பழைய .22 ரிவால்வர்களில் பெரும்பாலும் குற்றவாளி அறைக்கரைதான் என்பது என் அனுபவம்.

காரணம், தோட்டா இல்லாமல் வெறுமனே டிரிகரை இழுத்து விளையாடும் பழக்கம். கூட்டின் விளிம்பு இடையில் இல்லாதபோது, பின்னின் நீளம் சற்று மிகுந்தாலும் அதன் முனை நேரே அறைக்கரையில் விழுந்து, ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பள்ளத்தைப் பதிக்கிறது. பள்ளத்திலிருந்து ஒதுங்கிய இரும்பு அறைக்குள் பிதுங்கி நிற்பதால் தோட்டா முழுவதும் உட்காராது. உட்கார்ந்தாலும் விளிம்புக்குப் பின்னால் தாங்கல் இராது. சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அறைகளின் வாயில் மேல் விளிம்பருகே நகநுனி அளவில் ஒரு வடு தெரியும். விரல்நகத்தை அறைக்குள்ளிருந்து வெளியே இழுத்தால் அந்த இடத்தில் தட்டும்.

இனி, எந்த அறைகள் தவறுகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். சிலிண்டரின் வெளிப்புறத்தில் பென்சிலால் 1 முதல் 6 வரை எண்ணிட்டுக்கொண்டு, கிளப்பின் சுடுதளத்தில் பொறுப்பாளரை வைத்துக்கொண்டு மறுபடி சுட்டுப் பாருங்கள். எப்போதும் அதே இரண்டு அறைகளே தவறினால் கோளாறு அந்த அறைகளில் இருக்கிறது. ஆர்மரர் அதற்கென்றே உள்ள கருவியால், பிதுங்கிய இரும்பைப் பழைய இடத்துக்கே அழுத்தித் தள்ளிவிடுவார். அரத்தால் ராவி எடுக்கச் சொல்லாதீர்கள். ராவிய இரும்பு திரும்பி வராது, தாங்கலும் போய்விடும். எல்லா அறைகளும் மாறி மாறித் தவறினால் வெடிக்காத தோட்டாவின் விளிம்பைப் பாருங்கள். தடம் ஆழமின்றி மேலோட்டமாக இருந்தால் ஹேமரின் (டிரிகரை இழுத்ததும் இறங்கி அடிக்கும் சுத்தியின்) ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பின்னின் முனை தேய்ந்திருக்கலாம், அல்லது ஹேமர் இறங்கும் வழியில் பழைய எண்ணெய் பிசினாகி அதன் வேகத்தைத் தடுக்கலாம். மூன்றாவது காரணம் வெறும் சுத்தத்திலேயே தீர்ந்துவிடும் என்பதால் பணம் செலவழிப்பதற்கு முன் அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். தடம் ஆழமாகவே விழுந்திருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டாவைச் சந்தேகியுங்கள். விளிம்புக்குள் மருந்து சீராகப் பரவாத தோட்டாக்கள் ரிம்ஃபயரில் இருக்கவே செய்யும், பழைய இருப்பில் இன்னும் மிகுதியாக இருக்கும்.

வெடிக்காத தோட்டாவை அவசரப்பட்டு வெளியே எடுக்கக் கூடாது. தாமதமாக வெடிப்பதும் உண்டு. குழல்முனையை இலக்கின் பக்கமே நீட்டியபடி குறைந்தது அரை நிமிடம் காத்திருந்த பிறகே சிலிண்டரைத் திறக்க வேண்டும். வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக ‘புஸ்’ என்று மெலிந்த சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். ஈயக் குண்டு பேரல் என்னும் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் பிளக்கும்.

சிலிண்டர் இறுகிச் சுற்றுவதற்குத் துருவைவிட, அது சுழலும் அச்சில் படிந்த கரியும் ஈயமுமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். சுத்தம் செய்ய உட்காரும்போது முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்று கண்ணாலும் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்யுங்கள். நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் வீட்டறையிலேயே தோட்டாக்கள் இருக்கலாகாது. அச்சை உருவிக் கரைப்பான் நனைத்த துணியால் துடையுங்கள். பேரலையும் அறைகளையும் வெண்கலக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். வெளித்துருவுக்கு, ஊடுருவும் எண்ணெயில் இரண்டொரு நாள் ஊறவிட்டு, மிக மெல்லிய ஸ்டீல் வுல்லை (இரும்பு இழைப் பஞ்சை) எண்ணெயோடு சேர்த்து இலேசாகத் தேய்த்தால் செந்துரு கரைந்து வரும். அடியில் எஞ்சியிருக்கும் கருநீலப் பூச்சு பிழைக்கும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். துரு தின்ற குழிகள் அப்படியே இருக்கட்டும். அவற்றை மறைக்க மேற்பரப்பு முழுவதையும் தேய்த்து இறக்கினால் எழுத்துகளும் வரிசை எண்ணும் மழுங்கிவிடும். வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். தூரிகையில் வருவது ஈயத்தூள். அடுப்படி மேடையிலோ சாப்பாட்டு மேசையிலோ இந்த வேலை நடக்கக் கூடாது.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். 1980களின் நடுப்பகுதி முதல் தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், இத்தகைய பழைய உருப்படிகளுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. ஆர்மரர் கையால் செய்துதான் பொருத்த வேண்டியிருக்கும். ஃபயரிங் பின், ஸ்பிரிங், அறைக்கரை ஆகியவற்றோடு முடியுமானால் தாராளமாகச் செய்யுங்கள். தந்தையார் வைத்திருந்த பொருள் சரியாக இயங்குவதற்குச் செய்யும் செலவைச் சந்தை விலையோடு ஒப்பிட வேண்டியதில்லை. ஃபிரேமில் (துப்பாக்கியின் உடற்சட்டத்தில்) விரிசலோ பேரலில் வீக்கமோ இருந்தால் மட்டும், அதைச் சுடுவதற்காகச் சீர்ப்படுத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி (மேலூர் வாசகர்): எங்கள் .22 ரிவால்வரின் நிக்கல் பூச்சு ஆங்காங்கே உரிந்து அசிங்கமாக இருக்கிறது. பாத்திரங்களுக்கு முலாம் போடும் கடையில் கொடுத்து வாங்கினால் புதிது போலாகும் என்கிறார்கள். அதுவரை புளியும் விபூதியும் போட்டுத் துலக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முலாம் கடைக்காரருக்கு உரிமம் இல்லை என்பது ஒருபுறமிருக்க, முலாம் ஏற்றுவதற்கு முன் அவர் செய்யும் வேலைதான் துப்பாக்கியைக் கெடுக்கும். பழைய பூச்சை எடுக்க அமிலத்தில் முக்குவார்கள். பிறகு பஃப் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்குவார்கள். அமிலத்தில் ஊறிய ஸ்பிரிங்கும் கடினமாக்கப்பட்ட சிறு பாகங்களும் முறியும் தன்மை பெறுகின்றன. சக்கரமோ கூரான விளிம்புகளை உருட்டி, திருகு துளைகளை வாய் அகலச் செய்து, வரிசை எண்ணை அழித்துவிடுகிறது. அடையாளக் குறிகளைச் சிதைப்பது ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி குற்றம். வேண்டுமென்றே செய்யவில்லை என்று பின்னால் விளக்கிக்கொண்டிருக்கும் நிலைக்கு ஆளாகாதீர்கள்.

புளியின் அமிலம் பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. இரும்பில் பட்டால் கருநீலப் பூச்சைத் தின்று, மறுநாளே செந்துருவைக் கொண்டுவந்து சேர்க்கும். விபூதி, செங்கல் தூள் போன்றவை நிக்கலை அராவும். நிக்கலுக்கு அடியில் செம்புப் பூச்சு இருக்கக்கூடும் என்பதால் அம்மோனியா கலந்த கரைப்பான்களையும் தவிர்க்க வேண்டும். உரிந்த ஓரத்தின் வழியே உள்ளே இறங்கிச் செம்பைக் கரைத்துவிட்டால் நல்ல பகுதியும் சேர்ந்து எழும்பும். உரிந்த இடங்களில் எண்ணெய் தடவித் துரு பரவாமல் காப்பதே போதுமானது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கைப்பிடித் தகடுகளை மாற்றுங்கள்: விரிசல் விட்ட பழைய தகடுகளை மட்டும் தச்சரிடம் எடுத்துச் சென்று, ஈட்டி மரத்தில் அதே வடிவத்தில் செய்யச் சொல்லலாம். துப்பாக்கி வீட்டிலேயே பூட்டியிருக்கட்டும்.

கேள்வி (திருமங்கலம் வாசகர்): தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போதெல்லாம் துப்பாக்கி துருவோடுதான் வருகிறது. தேங்காய் எண்ணெய் நிறையப் பூசித்தான் கொடுக்கிறேன். வேறு வழி உண்டா?

பதில்: தேங்காய் எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். மார்கழிக் குளிரில் உறைவதும், நாள்பட்டால் காறிப்போவதும் அதன் இயல்பு. நல்லெண்ணெய் நாள்பட்டால் காற்றோடு கலந்து பிசினாகும். தாவர எண்ணெய் எதுவும் ஆகாது. துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் நல்லது. அதுவும் நிறைய அல்ல, துணியில் தொட்டு ஒரு படலமாகத் தடவினால் போதும். பல மாதம் வெளியே இருக்கப்போகிறது என்றால் வெளிப்புறத்தில் மெல்லிய கிரீஸ் பூச்சு தாங்கும். அறைகளிலும் பேரலிலும் தடவியதைத் திரும்பச் சுடுவதற்கு முன் மறக்காமல் துடைத்தெடுக்க வேண்டும்.

முக்கியமாக, தோல் உறைக்குள் வைத்துக் கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட இரசாயனங்களும் அதில் தங்கியிருக்கும். நம் பக்கத்துக் கோடையில் தெரியாத சேதம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். எண்ணெய் நனைத்த பருத்தித் துணியில் சுற்றி, மேலே ஒரு காகித உறை போட்டு, உரிமத்தின் எண்ணையும் துப்பாக்கியின் வரிசை எண்ணையும் எழுதிக் கொடுங்கள். ஒப்படைக்கும் அன்று அதன் நிலையை ரசீதில் குறித்துத் தருமாறு பணிவாகக் கேட்கலாம்.

கேள்வி (மதுரை கே.கே. நகர் வாசகர்): உரிமமுள்ள உறவினர் ஒருவர் தமது பழைய .22 ரிவால்வரைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எனக்கும் உரிமம் அனுமதியாகியிருக்கிறது. வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், அந்த இரண்டில் ஓரிடத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்று யோசித்தே வாங்க வேண்டும். உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கு முறைப்படி தெரிவித்த பிறகே பொருள் கைமாறலாம்.

ஒரு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். ஃபிரேமில் காந்தம் ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்ததாக இருக்கும். விலை மலிவான பல ரிவால்வர்கள் அப்படி வார்க்கப்பட்டவையே. பேரலுக்குள் மட்டும் ஓர் இரும்புக் குழாய் இருக்கும். அதில் விரிசல் கண்டால் பற்றவைக்க முடியாது, திருகு மரை அறுந்தால் நிற்காது, கருநீலப் பூச்சு மருந்தும் பிடிக்காது. அதை வாங்காதீர்கள்.

காந்தம் ஒட்டினால், காலி என்று உறுதி செய்துகொண்டு, சுட்ட வெற்றுக் கூடுகளை ஆறு அறைகளிலும் இட்டு ஹேமரை மிக மெதுவாகப் பின்னே இழுங்கள். ஹேமர் முழுதாக ஏறி நிற்கும்போது சிலிண்டர் ‘டக்’ என்று பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓர் அறையிலாவது பூட்டாமல் நின்றால், சுடும்போது அறையும் பேரலும் நேர்க்கோட்டில் இராமல் ஈயம் பக்கவாட்டில் தெறிக்கும். பிறகு, மோட்டார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள், 0.1 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. ஹேமரை ஏற்றி வைத்துக் கட்டைவிரலால் முன்னே தள்ளும்போது, டிரிகரைத் தொடாமலே அது நழுவி இறங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஹேமரிலேயே ஃபயரிங் பின் பொருந்திய பழைய அமைப்பாக இருந்தால், ஹேமர் இறங்கிய நிலையில் அந்தப் பின் தோட்டாவின் விளிம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கக்கூடும், கீழே விழுந்தால் வெடிக்கலாம். அத்தகைய ரிவால்வரில் ஹேமருக்கு நேரே உள்ள அறையை எப்போதும் காலியாக விட வேண்டும்.

கேள்வி (வாடிப்பட்டி வாசகர்): .22 லாங் ரைஃபிள் தோட்டாவை .22 மேக்னம் ரிவால்வரில் போடலாமா? ஷார்ட் தோட்டாவைப் போடலாமா?

பதில்: ஷார்ட், லாங் ரைஃபிள், மேக்னம் மூன்றும் .22 ரிம்ஃபயர் தோட்டா வகைகள். மேக்னம் அறை அகலமானது. லாங் ரைஃபிள் கூடு அதில் தளர்ந்து உட்கார்ந்து, வெடிக்கும்போது பிளந்து, சூடான வாயுவைப் பின்பக்கம் விடும். போடவே கூடாது. லாங் ரைஃபிள் அறையில் ஷார்ட் தோட்டாவைச் சுடலாம். 1857இல் வந்த ஷார்ட்டும் 1887இல் வந்த லாங் ரைஃபிளும் ஒரே விட்டமுள்ளவை. ஆனால் ஷார்ட்டின் கூடு நீளம் குறைந்தது. அதன் வாய்க்கு முன்னால் அறையில் கரி வளையமாகப் படியும். அதைத் தூரிகையால் எடுக்காமல் விட்டால் பிறகு லாங் ரைஃபிள் தோட்டா பாதியிலேயே நிற்கும், சுட்ட கூடும் சிக்கிக்கொள்ளும். ஷார்ட் சுட்ட அன்றே அறைகளைத் தேய்த்துவிடுங்கள்.