நான் பார்க்காவிட்டால் சரக்கு கெடுகிறது, பார்த்தால் ஆள் போகிறார்

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா நடத்திய நண்டு, கணவாய், இறால் கொள்முதல் ஷெட்டை இப்போது இவர் நடத்துகிறார், 14 பேர் வேலை செய்கிறார்கள். ஷெட்டில் 6 கேமரா, எல்லாம் இவர் போனில் தெரியும். எந்தப் பெட்டியை முதலில் ஏற்றுவது, யார் எந்த மேசையில் நிற்பது, ஐஸ் எவ்வளவு போடுவது என்று நாள் முழுக்க வாட்ஸப்பில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரே வருடத்தில் 2 சூப்பர்வைசர்கள் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் எதைக் கேட்டாலும் "நீங்களே சொல்லிடுங்க முதலாளி" என்கிறாராம். பத்தாவது படிக்கும் மகனும் இப்போதெல்லாம் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் ராத்திரி அதே மகனோடு கம்ப்யூட்டரில் ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை போடுகிற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாடும்போது ஒவ்வொரு வில்லாளியையும் தானே நகர்த்தினால்தான் ஜெயிக்க முடிகிறது. "அங்கே ஜெயிக்க வைக்கிற பழக்கம் இங்கே ஏன் தோற்கடிக்கிறது? கையை எடுக்கவும் பயம். என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது, அந்த விளையாட்டிலிருந்தே தொடங்கலாம். அதில் உங்கள் வில்லாளி நீங்கள் 100 தடவை சொன்னாலும் சலித்துக்கொள்ள மாட்டான், அடுத்த ஆட்டத்துக்குள் எதையும் கற்றுக்கொண்டிருக்கவும் மாட்டான், வேறு கம்பெனியில் கூடச் சம்பளம் என்று போகவும் மாட்டான். எதிரியின் கல்லெறி இயந்திரம் வீசுகிற கல் எங்கே விழும் என்று பார்த்து அவர்களை இரண்டாகப் பிரித்து நகர்த்துவது உண்மையான திறமைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கேயும் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு கிராமத்தான் உருவாக 25 வினாடி ஆகும், நீங்கள் ஒரு சண்டையில் ஒன்றரை நிமிடம் மூழ்கியிருந்தால் அவர்களை உருவாக்கும் ஊர் மையம் சும்மா கிடக்கும், 3 ஆள் குறையும், கொஞ்ச நேரத்தில் மரமும் உணவும் போதாமல் போகும். நன்றாக ஆடுகிறவர்கள் முதலில் பழகிக்கொள்வதே ஊர் மையத்தைச் சும்மா விடாமல் இருப்பதுதான். இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள், பழைய பதிப்பில் வயல் தீர்ந்ததும் நாமே போய் மறுபடி விதைக்க வேண்டும். 2019இல் வந்த புதிய பதிப்பில் அது தானாக நடக்கிறது. எதை ஆட்டக்காரர் கையில் விடுவது, எதை எடுத்துவிடுவது என்று விளையாட்டைச் செய்தவர்களே யோசித்திருக்கிறார்கள்.

உங்கள் ஷெட்டில் சும்மா கிடக்கிற ஊர் மையம் எது என்று யோசியுங்கள். படகுக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம் எவ்வளவு நிலுவையில் நிற்கிறது, ஏற்றுமதி கம்பெனி அடுத்த மாதம் என்ன விலை தரும், ஐஸ் வேறு எங்கே வாங்கலாம் என்பதெல்லாம் உங்களைத் தவிர வேறு யாராலும் பார்க்க முடியாத வேலை. நீங்கள் மேசை 3இல் நிற்கிற அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அங்கிருந்துதான் போகிறது.

மனிதர்களோடு விளையாடும்போது கதை இன்னும் மாறுகிறது. 1999 கிரிக்கெட் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு எதிராக தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்சி குரோனியே காதில் கருவி மாட்டிக்கொண்டு இறங்கினார், பயிற்சியாளர் பாப் உல்மர் வெளியிலிருந்து பேசுவதற்காக. ஆட்டத்தின் நடுவிலேயே அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள், உடனே தடையும் வந்தது. தடை சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பந்து வருவதற்குள் முடிவெடுக்கிறவன் களத்தில் நிற்கிறவன், அவன் காதில் இன்னொரு குரல் இருந்தால் அவன் பந்தைப் பார்ப்பானா, குரலுக்காகக் காத்திருப்பானா?

அடுத்து அந்த 6 கேமராவுக்கு வருவோம். யாராவது பார்க்கிறார்கள் என்றால் வேலை நன்றாக நடக்கும் என்பது பாதி உண்மை. ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1965இல் இதைப் பற்றி எழுதினார், 1969இல் கரப்பான்பூச்சிகளை வைத்தே சோதித்தும் காட்டினார். நேரான பாதையில் ஓட வேண்டியிருந்தபோது மற்ற பூச்சிகள் 'பார்த்துக்கொண்டிருந்தால்' வேகமாக ஓடின, வளைந்து திரும்ப வேண்டிய பாதையில் அதே பார்வையாளர்கள் இருந்தால் தனியாக ஓடியதைவிட மெதுவாகிவிட்டன. பழகிய, எளிதான காரியத்தைப் பார்வை விரட்டும், புதிதாகக் கற்கிறதையும் யோசித்துச் செய்ய வேண்டியதையும் கெடுக்கும், மனிதர்களிடமும் பொதுவாக இதே போக்குதான். பல வருடமாக நண்டுச் சதை எடுக்கும் அக்காவுக்கு உங்கள் கேமரா ஒன்றும் செய்யாது. சரக்கு பார்த்து விலை சொல்லவும், வண்டி வராவிட்டால் என்ன செய்வதென்று முடிவெடுக்கவும் கற்றுக்கொண்டிருக்கிற சூப்பர்வைசரைத்தான் அது முடக்கும்.

இதைவிடப் பெரிய சேதம் ஒன்று இருக்கிறது, அது கேமராவில் தெரியாது. தப்பு நடந்தால் சொல்லாமல் மறைப்பார்கள். ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் நல்ல உறவும் இருந்த குழுக்களில்தான் தவறுகளின் எண்ணிக்கை கூடுதலாகப் பதிவாகியிருந்தது. முதலில் அவருக்கே குழப்பம். அப்புறம்தான் புரிந்தது, அங்கே தப்பு அதிகம் என்பதில்லை, தப்பை வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்குப் பயமில்லை. உங்கள் தொழிலில் இது உயிர்நாடி. ஒரு பெட்டி ஐஸ் இல்லாமல் வெயிலில் நின்றுவிட்டது என்று அந்த நிமிடமே ஒருவர் சொன்னால் அந்தப் பெட்டி மட்டும் போகும். சொல்லப் பயந்து மற்றவற்றோடு கலந்து ஏற்றிவிட்டால் முழு லோடும் திரும்பி வரும். "நீங்களே சொல்லிடுங்க முதலாளி" என்று உங்கள் மூன்றாவது சூப்பர்வைசர் சொல்வதைச் சோம்பேறித்தனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், முடிவெடுத்தால் திட்டு, கேட்டால் திட்டு இல்லை என்று அவர் கற்றுக்கொண்டிருக்கிறார், அதைக் கற்றுக்கொடுத்தது உங்கள் வாட்ஸப்.

உடம்பையும் இது தொடும். பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வில், தன் வேலையில் தானே முடிவெடுக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு கூடுதலாக இருந்ததாக 1997இல் முடிவு வெளியானது.

சரி, கையை எடுத்தால் சரக்கு கெடுமே என்ற பயம்? அது நியாயமான பயம், கையை முழுக்க எடுக்கச் சொல்லி நானும் சொல்லப்போவதில்லை. உங்கள் சரக்கு வாங்கும் ஏற்றுமதி கம்பெனியில் ஹெச்.ஏ.சி.சி.பி. என்று ஒரு உணவுப் பாதுகாப்பு முறை இருக்கிறதல்லவா, அமெரிக்காவில் கடல் உணவுக்கு 1997 டிசம்பரிலிருந்து கட்டாயம். அது பிறந்த கதை 1960களில், விண்வெளி வீரர்களுக்கான உணவில். செய்து முடித்த உணவைச் சோதித்தே பாதுகாப்பை உறுதி செய்வதென்றால் செய்ததில் பெரும்பகுதியைச் சோதனைக்கே கொடுத்துவிட வேண்டியிருந்தது. அதனால் எல்லாவற்றையும் பார்ப்பதை விட்டு, எந்தக் கட்டத்தில் தவறினால் அப்புறம் சரிசெய்யவே முடியாதோ அந்தச் சில கட்டங்களை மட்டும் பிடித்து, அளவு வைத்து, எழுதி வைத்தார்கள். சரக்கைப் பார்ப்பதற்கு இந்தத் தொழிலே வைத்திருக்கிற இந்த முறையை ஆட்களை நடத்துவதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

உங்கள் ஷெட்டில் அப்படிப்பட்ட இடம் மூன்றோ நான்கோதான் தேறும். சரக்கு வந்து இறங்கும்போது எடையும் தரமும், ஐஸ், படகுக்காரருக்குப் போகும் பணம். ஐஸ் விஷயத்தில் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ சரக்குக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதும், 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறக்கூடாது என்பதும் கறாரான விதியாக இருக்கட்டும், ஒரு தடவை சூடு ஏறிய சரக்கை அப்புறம் எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் மீட்க முடியாது. இந்த இடங்களில் அளவை எழுதச் சொல்லுங்கள், தினமும் நோட்டைப் பாருங்கள், இங்கே கறாராக இருங்கள். யார் எந்த மேசை, எப்போது டீ, பெட்டியை எந்த வரிசையில் அடுக்குவது என்பதெல்லாம் தப்பினாலும் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். முதல் வாரம் இது உங்களுக்குப் பெரிய அவஸ்தையாக இருக்கும், கை தானாக போனுக்குப் போகும்.

சூப்பர்வைசருக்கு ஒரு தொகை சொல்லுங்கள், 3,000 என்றோ 5,000 என்றோ, அதுவரை கேட்காமல் அவரே செலவு செய்யலாம், சாயங்காலம் கணக்குச் சொன்னால் போதும். எந்தெந்த முடிவு அவருடையது, எதற்கெல்லாம் உடனே கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் சின்னப் பட்டியலை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். மற்றதெல்லாம் சாயங்காலம் 15 நிமிடப் பேச்சில். கேமரா இருக்கட்டும், திருட்டோ விபத்தோ நடந்தால் பதிவை எடுத்துப் பார்க்க அது வேண்டும், ஆனால் நேரலையை உங்கள் போனிலிருந்து எடுத்துவிடுங்கள், எடுத்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லவும் செய்யுங்கள்.

பின்னாலேயே நின்று சொல்ல வேண்டிய நேரமும் உண்டு. நேற்று சேர்ந்த பையனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் எந்தத் தேதியில் கையை விடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால், ஐஸ் ஃபேக்டரியில் அம்மோனியா கசிந்தால் அங்கே கலந்து பேச நேரமில்லை, ஒருவர் சொல்ல மற்றவர்கள் செய்ய வேண்டும்.

மகனுக்கும் இதே கணக்குதான். அரிச்சல்முனையில் கடலில் இறங்காதே, லைசென்ஸ் இல்லாமல் பைக்கைத் தொடாதே, இவை இரண்டிலும் பேச்சுவார்த்தை கிடையாது. எந்தப் பாடத்தை முதலில் படிப்பது, நோட்டில் எந்தப் பேனா, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதையெல்லாம் அவனிடம் விட்டுவிடுங்கள். மார்க் குறைந்தால் குறைந்ததைப் பற்றிப் பேசலாம், படிக்கிற ஒவ்வொரு நிமிடத்தையும் பற்றிப் பேச வேண்டாம். இன்னொரு விஷயம், ராத்திரி விளையாட்டில் அவன் வில்லாளிகளை அவனே நகர்த்தட்டும், கேட்காமல் யோசனை சொல்லாதீர்கள்.

எப்போது தொடங்குவது? விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நல்ல நேரம். நாட்டுப்படகு நண்டும் கணவாயும் வந்துகொண்டிருக்கும், ஆனால் நெரிசல் குறைவு, தப்பு நடந்தாலும் சின்னதாக நடக்கும். தடை முடிந்து சரக்கு குவிகிற நாட்களில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். எப்படியும் முதல் மாதத்தில் ஒரு பெட்டி கெட்டுப்போகும். அந்த நாளில் நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பதை 14 பேரும் கவனிப்பார்கள், "யார் செய்தது?" என்று கேட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். "எப்போ தெரிஞ்சுது, அடுத்த பெட்டிக்கு என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள், பதிலைச் சூப்பர்வைசர் சொல்லி முடிக்கும்வரை பேசாதீர்கள்.

போன சூப்பர்வைசரைத் திரும்பக் கூப்பிடலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். இரண்டாவதாகப் போனவர் சரக்கு தெரிந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கூப்பிடலாம். ஆனால் வருகிறவர் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், எந்தெந்த முடிவு இனி அவருடையது என்பதை எழுதிய அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். இப்போது இருப்பவரைச் சும்மா அனுப்பிவிடவும் வேண்டாம், அவருக்கும் அதே தாளைக் கொடுத்து 2 மாதம் பாருங்கள்.