கேஸ் ஃபோர்க்லிஃப்ட்: வாசகர் கேள்விகள்

கிடங்கில் பளு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் சிலிண்டரை ஏன் படுக்க வைக்கிறார்கள்? சமையல் சிலிண்டரை மாட்டினால் ஓடாதா?

மாட்டவே கூடாது. அடுப்புக்கு, சிலிண்டரின் மேல்பகுதியில் நிற்கும் ஆவியே போதும். பளு தூக்கும் எஞ்சினுக்கு அது பற்றாது. சிலிண்டரில் இருக்கும் எரிவாயுவான புரொப்பேனை அது திரவமாகவே இழுக்கிறது. அதற்கான சிலிண்டருக்குள் ஒரு குழாய் இறங்கியிருக்கும். சிலிண்டரின் வளையத்தில் ஒரு துளை, வண்டியில் ஒரு முளை. இரண்டும் பொருந்தி உட்கார்ந்தால்தான் குழாயின் வாய் திரவத்துக்குள்ளும், பாதுகாப்பு வால்வின் வழி ஆவிப் பகுதியிலும் இருக்கும். முளையைக் கவனிக்காமல் பட்டையை மட்டும் இறுக்கிவிட்டுப் போவது பெரிய தவறு. அழுத்தம் ஏறி வால்வு திறந்தால் வாயுவுக்குப் பதில் திரவமே பீறிடும். அது ஏறக்குறைய 270 மடங்கு வாயுவாக விரியும்.

ரெகுலேட்டர்மீது வெண்பனி படிகிறது, வண்டியும் திணறுகிறது. கேஸ் மோசமா?

பெரும்பாலும் கேஸ்மீது குற்றமில்லை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிப்பது. ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிவிடும். ரெகுலேட்டருக்கு அந்த வெப்பத்தைக் கொடுப்பது எஞ்சினிலிருந்து வரும் சூடான கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். ரெகுலேட்டரில் ஆவியான கேஸ் அழுத்தம் குறைந்து மிக்சருக்குப் போய், காற்றோடு கலந்து, ஸ்பார்க் பிளக்கால் எரிகிறது. பனி படிந்தால் கூலன்ட் அளவையும் ஹோஸையும் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும்.

சிலிண்டர் மாற்றும்போது லேசாக வாடை வருவது சகஜம்தானா?

கழற்றும் நொடியில் துளி வரலாம், நீடிக்கக் கூடாது. முதலில் சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிச்சமுள்ள கேஸ் தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட விடுங்கள். பிறகு கையுறையோடு கழற்றுங்கள். திரவம் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் வடிகாலிலும் தேங்கும். ஆகவே அவற்றின் அருகில் இந்த வேலை வேண்டாம்.

டீசல் புகை இல்லையே, கிடங்குக் கதவை மூடிக்கொண்டு ஓட்டலாமா?

கூடாது! எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி இதுதான். கரும்புகை இல்லை என்பதால் விஷமில்லை என்று நினைக்கிறார்கள். கலவையில் கேஸ் கூடினால் கார்பன் மோனாக்சைடு மளமளவென ஏறும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு திறக்காத குளிர்பதனக் கிடங்கில் ஆபத்து இன்னும் அதிகம். காற்றோட்டம் வேண்டும், எச்சரிக்கைக் கருவி வேண்டும், புகைக்குழாய் வாயுவைக் கருவியால் அளந்து டியூன் செய்யவும் வேண்டும். ஒரே ஷிஃப்டில் பலருக்குத் தலைவலி, குமட்டல், வெளியே போனால் தெளிகிறது என்றால் களைப்பு என்று விடாதீர்கள். வண்டியை நிறுத்தி எல்லோரையும் வெளியேற்றி, மருத்துவ உதவிக்கு அழையுங்கள்.