கரண்ட் சிகிச்சை இருக்கட்டும், செருப்பு ஏன் கழல்கிறது?

கருப்பைக்கு ஒன்றும் ஆகாது, நரம்பும் செத்துப்போகாது. சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடியாமல் தவிக்கும் எட்டு வயது மகளுக்கு டாக்டர் 'கரண்ட் வைக்கலாம்' என்றதும் யூடியூபைப் பார்த்துப் பயந்துபோய் மண்டபம் ஊரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அதில் பாய்வது மிகச் சிறிய மின்சாரம். பிட்டத்துக்குச் சற்று மேலே இரண்டு பட்டைகளை ஒட்டி 20 நிமிடம்போல வைப்பார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், வலிக்கக் கூடாது. சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் ஆளும் நரம்புகள் அந்த இடத்தில்தான் முதுகெலும்பிலிருந்து வெளியே வருகின்றன. அடக்க முடியாமல் முட்டும் சிறுநீர் பல பிள்ளைகளுக்கு இதில் கட்டுப்படுகிறது. தோல் கொஞ்சம் சிவக்கலாம், அவ்வளவுதான்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒன்றுதான் எனக்குக் கவலை தருகிறது. சில மாதமாக இடது காலில் செருப்பு நிற்பதில்லை, கழன்று விழுந்ததே அவளுக்குத் தெரிவதில்லை என்கிறீர்கள். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் கட்டுப்பாடு போய், காலிலும் பலமோ உணர்வோ குறைந்தால், கோளாறு தண்டுவடத்தில் இருக்கலாம். சில பிள்ளைகளுக்குத் தண்டுவடத்தின் நுனி பிறவியிலேயே கீழே ஒட்டியிருக்கும். வளர வளர இழுபடும். இன்றே அவளைக் குப்புறப் படுக்கவைத்து அடிமுதுகைப் பாருங்கள்: முடிக்கொத்து, குழி, மெத்தென்ற வீக்கம் ஏதும் உண்டா? எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். செருப்பு விஷயத்தை முதலில் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம், மதுரைக்கு அனுப்பினால் தள்ளிப்போடாமல் போங்கள். ஒட்டிய தண்டுவடத்தை அறுவை சிகிச்சையால் விடுவிக்கலாம். ஆனால் தாமதித்தால், இழந்தது எல்லாம் திரும்பி வராது. நடுவில் கால் துவண்டாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அதுவரை உங்கள் தம்பி துபாயிலிருந்து வாங்கிவந்த, மூட்டுவலிக்குக் கரண்ட் வைக்கும் மெஷினை அவள்மேல் வைக்கவே கூடாது.

அப்புறம், பேதி என்று நினைத்து நீங்கள் கொடுத்துவரும் மாத்திரை. உள்ளாடையில் கசிவது பெரும்பாலும் பேதி அல்ல. உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் வழிகிறது. பேதியை நிறுத்தும் மாத்திரையை யாரையும் கேட்காமல் கடையில் வாங்கிக் கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். இன்றே நிறுத்துங்கள். மலச்சிக்கலைச் சரிசெய்யாமல் கரண்ட் மட்டும் வைத்துப் பெரிய பலன் கிடைக்காது. நம் கடற்கரை ஊர்களில் நல்ல தண்ணீருக்கே பாடு. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து பெண்பிள்ளைகள் தண்ணீரும் குடிக்காமல் அடக்கியே உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சரிடம் பேசுங்கள், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் போய்வரட்டும். கசிவது அவளுக்கே தெரியாது, அதற்காக அடிக்காதீர்கள்.

மீன் சாப்பிடுவதாலா, கடலில் குளிப்பதாலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் இதில் சம்பந்தமே இல்லை. சாப்பிடட்டும், குளிக்கட்டும்.