கல் வாத்தியார் பதில்கள்: பர்கூர் கல்லில் ட்ரைலோபைட்டா?

கே: எங்கள் பட்டறைக்குப் பாலிஷ் போட வந்த கிரானைட் கல், பழைய வெடிப்பு ஒன்றில் பிளந்துகொண்டது. உள்ளே கறுப்பாகப் பூரான் போல ஓர் உருவம். இது ட்ரைலோபைட் என்கிறான் மகன். படம் அனுப்பியிருக்கிறேன். நல்ல விலை போகுமா? (வாசகர், பர்கூர்)

ப: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து கிளை, கிளையிலும் கிளை. எந்தப் பூரானுக்கும் காலில் கால் முளைக்காது ஐயா! வெடிப்புக்குள் கசிந்த நீரில் இருந்த மாங்கனீசு படிந்த தடம் அது. ட்ரைலோபைட் என்பது எப்போதோ அழிந்துபோன, ஓடுள்ள கடல் கணுக்காலி. அதுவென்றால் தலைக்கவசம், கணுக்கணுவான மார்பு, வால் மூன்றும் தெரியவேண்டும். நெடுக இரண்டு பள்ளம் ஓடி முதுகை மூன்று வரியாகப் பிரித்திருக்கும். அப்புறம், நம் பக்கத்துப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து இறுகியவை. ட்ரைலோபைட் தலைகாட்டியதே 52 கோடி ஆண்டுக்கு முன்னால்தான். வழக்கமான விலைக்கே கொடுத்துவிடுங்கள்.

கே: ட்ரைலோபைட் முதன்முதலில் தோன்றிய இடம் எது? (கல்லூரி மாணவி, பென்னாகரம்)

ப: ஒரே வார்த்தையில் பதில் சொல்பவரை நம்பாதேம்மா. சைபீரியா, மொராக்கோ, ஸ்பெயின், அமெரிக்காவின் மேற்குப் பகுதி எல்லாவற்றிலும் ஏறத்தாழ 52.1 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்கள் கிடைக்கின்றன. சைபீரியாவில் புரோஃபல்லோடாஸ்பிஸ் என்ற ட்ரைலோபைட், அமெரிக்காவில் ஃபிரிட்ஸாஸ்பிஸ் என்ற ட்ரைலோபைட். திருவிழாவில் முதலில் கண்ணில் பட்டவர்தான் வீட்டிலிருந்து முதலில் கிளம்பியவர் என்று சொல்ல முடியுமா? இவையும் அப்படித்தான். கண்ணில் படும்போதே கண்டத்துக்குக் கண்டம் வேறுபட்டிருக்கின்றன.

வட அமெரிக்காவில் ஒலெனெல்லஸ் வகையறா. சீனா, ஆஸ்திரேலியா, இந்தியத் துணைக்கண்டம் பக்கம் ரெட்லிச்சியா வகையறா. வித்தியாசம் கன்னத்தில் இருக்கிறது. சட்டை உரிக்கும்போது தலைக்கவசம் பிரிவதற்கென்று ரெட்லிச்சியாவின் கன்னத்தில் ஒரு கோடு ஓடும். ஒலெனெல்லஸின் முதுகுப் பக்கத்தில் அது கிடையாது. ஆதியிலேயே இல்லையா, இருந்து மறைந்ததா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

இந்த மாதிரி உடற்கூறுகளை ஒப்பிட்டு வம்சாவளி வரைந்த புதைபடிவ ஆய்வாளர் புரூஸ் லீபர்மேன், 2002இல் சைபீரியாவைக் கைகாட்டினார். பெருங்கண்டம் ஒன்று உடைந்து விலகியபோது கூட்டம் பிரிந்தது என்பது அவர் கணக்கு. நானும் சைபீரியா கட்சிதான். ஆனால் பிரிவு எப்போது நடந்தது என்பதில் அவர் ரொம்பவே பழைய காலத்துக்குப் போகிறார் என்று தோன்றுகிறது. அதற்காக, உடல் கிடைத்த காலத்துக்கு முன் எதுவுமே இல்லை என்று சொல்லவில்லை. ட்ரைலோபைட் உடல் கிடைப்பதற்கு முந்தைய அடுக்குகளில், கணுக்காலிகள் சேற்றைக் கிளறிய தடங்கள் உண்டு. ஓட்டில் சுண்ணாம்பு ஏறாத முன்னோர்கள் அப்போதே இருந்திருக்கலாம். மென்மையான உடம்பு மக்கிப்போகும், தடம் நிற்கும்.

கே: தோட்டத்து மரவட்டை ட்ரைலோபைட்டின் வாரிசா? (வாசகி, அரூர்)

ப: இல்லை. இரண்டும் கணுக்காலிதான், ஆனால் தூரத்துப் பங்காளி. ட்ரைலோபைட் வம்சம் சுமார் 25 கோடி ஆண்டுக்கு முன் பெர்மியன் காலத்தின் முடிவில் உயிரினங்களில் பெரும்பகுதியை அழித்த பேரழிவோடு அடியோடு முடிந்தது. பார்க்க வேண்டுமென்றால் இமயமலையில் ஸ்பிதி பள்ளத்தாக்குப் பாறைகளில் உண்டு. அரியலூர் பக்கம் போய்த் தேடாதீர்கள், அங்கே கிடைப்பது டைனோசர் காலத்து அம்மோனைட், சுருள் ஓடுள்ள கடல் உயிரி.