700 நானோமீட்டருக்கு மேல் இரைச்சல்: கேமராவைக் கழற்றாதீர்கள்

உங்கள் நிறமாலைக் கேமராவில் (ஒவ்வொரு அலைநீளத்திலும் மாதிரியிலிருந்து வரும் ஒளியை அளப்பது), மாதிரியின் அளவை வெள்ளைத் தகட்டின் அளவால் வகுத்துத் திருத்தியும், 700 நானோமீட்டருக்கு மேல் நிறமாலை வளைவு முள்முள்ளாக வருகிறது, கேமரா பழுதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் உங்கள் வெள்ளை எல்இடி விளக்கின் மேல்தான். நீல எல்இடி மேல் பாஸ்பர் (நீல ஒளியின் ஒரு பகுதியை வேறு நிறங்களாக மாற்றும் பொருள்) பூசிப் பெறும் வெளிச்சம் அது. அகச்சிவப்புப் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. இல்லாத வெளிச்சத்தை இல்லாத வெளிச்சத்தால் வகுத்தால் இரைச்சல்தானே மிஞ்சும்?

வெள்ளைத் தகட்டின் திருத்தாத அளவை 850 நானோமீட்டரில் பாருங்கள். லென்ஸை மூடி எடுத்த இருள் படத்தின் அளவிலேயே இருந்தால் விளக்குதான் காரணம். அகச்சிவப்பும் தரும் ஹாலஜன் விளக்குக்கு மாறுங்கள். அரை மணி நேரம் எரியவிட்டு, இருள், வெள்ளை இரண்டையும் புதிதாக எடுங்கள்.

மாதிரி திசு என்றீர்களே, அதில் கவனம் வேண்டும்: ஹாலஜன் சூட்டில் அது காய்ந்தால் 970 நானோமீட்டரை ஒட்டி, நீர் ஒளியை உறிஞ்சுவதால் வளைவில் வரும் பள்ளமே மாறிவிடும். விளக்கைத் தள்ளி வையுங்கள்.