முதல் பிழை வரியைப் பிடியுங்கள்: லினக்ஸில் விளையாட்டுகளைக் கொம்பைல் பண்ணுவது பற்றிக் கேள்வி பதில்

லினக்ஸில் விளையாட்டுகளை மூலநிரலில் இருந்து கொம்பைல் பண்ண (எழுதிய நிரலை ஓடக்கூடிய கோப்பாக மாற்ற) முயலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவரின் ஊரைக் கேள்விக்கு முன்னால் போட்டிருக்கிறேன். உபுண்டு, டெபியன், மின்ற் என்ற மூன்று லினக்ஸ் வகைகளையும் மனதில் வைத்தே பதில் சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ரெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

கொக்குவில்: அண்ணை, விளையாட்டெல்லாம் ஏபிடியில ஒரு வரியில இறங்குது. பிறகு ஏன் மூலநிரலோட மினக்கெட வேணும்?

ஏபிடியில் (ஆயத்தமான பக்கேஜ்களை இறக்கிப் போடும் கட்டளை) உள்ளது போதுமென்றால் மினக்கெட வேண்டாம், தம்பி. கொம்பைல் பண்ண வேண்டி வருவது பெரும்பாலும் பதிப்புப் பிரச்சினையால்தான். ஓப்பன்டிடிடி என்ற போக்குவரத்து விளையாட்டை எடுங்கள்: சேர்வரில் உள்ள பதிப்பும் உங்களுடையதும் ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே விடாது. கனடாவில் இருக்கிற மச்சான் நேற்று வந்த பதிப்பில் சேர்வர் வைத்திருந்தால், டெபியனில் உள்ள பழைய பதிப்போடு நீங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். பக்கேஜ் செய்தவர் சேர்க்காமல் விட்ட வசதி ஒன்று தேவைப்படுவது இன்னொரு காரணம்.

சாவகச்சேரி: எஸ்டிஎல்2 போட்டுத்தான் இருக்கு. ஆனா சிமேக் ‘எஸ்டிஎல்2 காணேல்ல’ எண்டு நிக்குது. மூண்டு தரம் திருப்பிப் போட்டும் அதே கதை.

எஸ்டிஎல்2 என்பது விளையாட்டுகள் பாவிக்கும் ஒரு லைப்ரரி (பொது நிரல் தொகுப்பு). சிமேக் என்பது தேவையானவை இருக்கிறதா என்று பார்த்துக் கொம்பைலுக்கு ஆயத்தம் செய்யும் கருவி. நீங்கள் போட்டிருப்பது ஓடுவதற்கான பக்கேஜ். கொம்பைலருக்கு அது காணாது. ஒவ்வொரு லைப்ரரியும் டெபியன் குடும்பத்தில் இரண்டாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும்: விளையாட்டு ஓடும்போது தேவைப்படும் கோப்பு ஒரு பக்கேஜில், கொம்பைலர் வாசிக்கும் ஹெடர் கோப்புகளும் சிமேக், பிகேஜி-கொன்ஃபிக் தேடும் குறிப்புக் கோப்புகளும் மற்றதில். அந்த மற்றதன் பெயர் எப்போதும் ‘-டெவ்’ என்று முடியும். உங்களுக்கு வேண்டியது ‘லிப்எஸ்டிஎல்2-டெவ்’. முன்னதை நூறு தரம் போட்டாலும் இந்தப் பிழை போகாது.

ஒவ்வொன்றாகத் தேடாமல் இருக்க வழி உண்டு. ‘சூடோ ஏபிடி பில்ட்-டெப் ஓப்பன்டிடிடி’ என்று கொடுத்தால், அந்த விளையாட்டைப் பக்கேஜ் செய்தவர் பாவித்த டெவ் பக்கேஜ்கள் எல்லாம் ஒரே அடியாக வரும். இதற்கு மூலநிரல் களஞ்சியம் திறந்திருக்க வேண்டும். உபுண்டு 24.04இல் ‘உபுண்டு.சோர்சஸ்’ கோப்பில் ‘டைப்ஸ்’ என்ற வரியில் ‘டெப்’ என்பதற்குப் பக்கத்தில் ‘டெப்-எஸ்ஆர்சி’ என்று சேர்த்து, ‘ஏபிடி அப்டேட்’ கொடுங்கள். புதுப் பதிப்புக்குப் புதிதாக ஒன்றிரண்டு லைப்ரரி கூடத் தேவைப்படலாம். அவற்றுக்கு ‘ஏபிடி-ஃபைல் சேர்ச்’ உதவும். காணாமல் போன கோப்பின் பெயரைக் கொடுத்தால் அது எந்தப் பக்கேஜில் இருக்கிறது என்று சொல்லும்.

நீங்கள் அனுப்பிய பிழைச் செய்தி கடைசி ஐந்து வரிதான். அது விளைவு, காரணம் மேலே இருக்கும். சிமேக்கில் முதலாவது ‘எரர்’ என்ற வரியையும், கொம்பைல் வேலையை நடத்தும் மேக் ஓடும்போது ‘எரர்:’ என்ற சொல் முதன்முதலாக வரும் வரியையும் தேடிப் பிடியுங்கள். ஒரு ஹெடர் இல்லாததால் அதற்குக் கீழே இருநூறு பிழை வந்திருக்கும். அந்த ஒன்றைத் திருத்தினால் இருநூறும் ஒன்றாகப் போய்விடும்.

பருத்தித்துறை: 4 ஜிபி ராம் உள்ள லப்டொப். அறுபது வீதம் போன உடன மவுஸ் கூட அசையாது. கொஞ்ச நேரத்தால ‘கில்ட்’ எண்டு வருது. மூலநிரல் பிழையோ?

மூலநிரல் சரி, ராம்தான் முடிந்துவிட்டது. ‘கில்ட்’ என்ற சொல்லோடு ‘சிசி1பிளஸ்’ என்ற பெயரும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: இடம் போதாமல் கேர்னல் (லினக்ஸின் மையநிரல்) கொம்பைலரை நிறுத்தியிருக்கிறது. ‘சூடோ டிஎம்இஎஸ்ஜி’ கொடுத்தால் கடைசியில் ‘அவுட் ஒஃப் மெமரி’ என்று எழுதியிருக்கும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். எங்கேயோ பார்த்து ‘மேக் -ஜே’ என்று எண் போடாமல் கொடுத்திருப்பீர்கள். எண் இல்லாவிட்டால் மேக்குக்கு எல்லையே கிடையாது. எத்தனை கோப்பு இருக்கிறதோ அத்தனையையும் ஒரே நேரத்தில் தொடங்கப் பார்க்கும். பெரிய சி பிளஸ் பிளஸ் கோப்பு ஒன்றே 1 ஜிபிக்கு மேல் தின்னக்கூடும். 4 ஜிபி ராமில் ‘-ஜே2’க்கு மேல் போகாதீர்கள், பிரவுசரை மூடிவிடுங்கள். அதற்கும் நின்றால் ‘-ஜே1’.

ஸ்வாப் (ராம் காணாதபோது பாவிக்கும் டிஸ்க் இடம்) இல்லாவிட்டால் 4 ஜிபிக்கு ஒன்று செய்துகொள்ளுங்கள். ‘எஃப்அலோகேட்’ கட்டளையால் கோப்பை உண்டாக்கி, ‘சிஎச்மொட் 600’ கொடுத்து மற்றவர்கள் வாசிக்க முடியாமல் பூட்டி, ‘எம்கேஸ்வாப்’, பிறகு ‘ஸ்வாப்ஒன்’. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. ஈஎக்ஸ்டி4 முறையில் ஃபோர்மட் பண்ணிய டிஸ்க்கில் இது அப்படியே சரிவரும்.

நின்றுபோனால் பில்ட் கோப்புறையை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்காதீர்கள். திரும்ப ‘மேக்’ கொடுத்தால் முடிந்த அறுபது வீதத்தையும் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் செய்யும்.

மானிப்பாய்: போன் டேட்டாவிலதான் இறக்கிறன். சூப்பர்டக்ஸ்கார்ட் கிட் குளோன் பாதியில அறுந்தா முதல்ல இருந்து தொடங்குது. டேட்டா முழுக்கப் போட்டுது.

கிட் குளோன் (இணையத்தில் உள்ள நிரல் களஞ்சியத்தைப் பிரதி எடுப்பது) அறுந்தால் தொடராது, இறங்கியதெல்லாம் வீண். ‘--டெப்த் 1’ சேர்த்தால் பழைய வரலாறு இல்லாமல் இன்றைய நிலை மட்டும் வரும், அளவு நன்றாகக் குறையும். ஆனால் சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற ஓட்டப்பந்தய விளையாட்டில் நிரல் ஒரு இடம், படங்கள், பாட்டு, ஓடுபாதைகள் இன்னொரு இடம். நிரல் கிட்டில், மற்றவை எஸ்விஎன் என்ற இன்னொரு களஞ்சிய முறையில். ‘எஸ்டிகே-கோட்’, ‘எஸ்டிகே-அசெட்ஸ்’ என்ற இரண்டு கோப்புறையும் ஒரே தாய்க் கோப்புறைக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றை வைத்தால் சிமேக் கண்டுபிடிக்காது. எஸ்விஎன்னில் ஒரு நன்மை: அறுந்தால் ‘எஸ்விஎன் கிளீனப்’, பிறகு ‘எஸ்விஎன் அப்டேட்’, விட்ட இடத்தில் இருந்து தொடரும்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது, இரண்டையும் விட்டுவிட்டு வெளியீட்டோடு வரும் மூலநிரல் பொதியை எடுங்கள். அதில் நிரலும் படங்களும் சேர்ந்தே இருக்கும். ‘டபிள்யூகெட் -சி’ என்று இறக்கினால், அறுந்தபின் அதே கட்டளையைத் திரும்பக் கொடுக்கத் தொடரும். உங்கள் போன் டேட்டா பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அந்த நேரத்துக்கு வைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கிட்ஹப்பில் பச்சைப் பொத்தானால் இறக்கும் ஸிப்பில் துணைக் களஞ்சியங்கள் இருக்காது. அவற்றைப் பாவிக்கும் விளையாட்டு என்றால் கோப்புறை வெறுமையாகக் கிடக்கும், கொம்பைல் நடக்காது. அப்படியானதைக் குளோன்தான் பண்ண வேண்டும், ‘--ரிகேர்சிவ்’ சேர்த்து.

சுன்னாகம்: கொம்பைல் ஓடேக்க கரண்ட் போட்டுது. வந்த பிறகு மேக் குடுத்தா நூறு வீதத்தில ‘ஃபைல் ட்ரங்கேட்டட்’ எண்டு நிக்குது.

கரண்ட் போன நேரம் எழுதிக்கொண்டிருந்த ‘.ஓ’ கோப்புகள் (ஒவ்வொரு மூலக்கோப்பும் கொம்பைல் ஆகி வருபவை) டிஸ்க்குக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. பெயர் இருக்கும், உள்ளே 0 பைட். மேக் பார்ப்பது கோப்பின் நேரத்தை மட்டும்; உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. ஆகவே ‘இது முடிந்தது’ என்று தாண்டிப் போய்விடும், கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் லிங்கர்தான் பிடிக்கும். பில்ட் கோப்புறைக்குள் ‘ஃபைன்ட்’ கட்டளையால், ‘.ஓ’ என்று முடியும் அளவு 0 ஆன கோப்புகளைத் தேடி அழித்துவிட்டு மேக் கொடுங்கள். ஐந்தாறு கோப்புத்தான் திரும்பக் கொம்பைல் ஆகும். அதற்குப் பிறகும் பிழை வந்தால், லிங்கர் பெயர் சொல்லும் கோப்பையும் அழியுங்கள்.

கரண்ட் அடிக்கடி போகிற இடம் என்றால் ‘சிகாஷ்’ (கொம்பைல் ஆனதைச் சேமித்து வைக்கும் கருவி) போட்டு, சிமேக்குக்கு அதைக் கொம்பைலர் லோஞ்சராகக் கொடுங்கள். பில்ட் கோப்புறையே பழுதானாலும் இரண்டாம் தரம் கெதியாக முடியும்.

வலிகாமத்தில் இருந்து ஒரு ஆசிரியை: எங்கள் பாடசாலை லாப்பில் 15 கொம்பியூட்டர்கள். பிள்ளைகளுக்கு லுவான்டி போட வேண்டும். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கொம்பைல் பண்ண வேண்டுமா?

தேவையில்லை, ரீச்சர். ஒன்றில் கட்டி, பென்டிரைவில் மற்றவற்றுக்குக் கொண்டுபோகலாம். (லுவான்டி என்பது கட்டிகளால் உலகம் கட்டி விளையாடுவது, முன்பு மைன்டெஸ்ட் என்று இருந்ததுதான், 2024இல் பெயர் மாறியது.) சிமேக்குக்கு ‘ரன்_இன்_பிளேஸ்=ட்ரூ’ என்பதைப் பெரிய எழுத்தில் கொடுங்கள். அப்போது உலகங்கள், மொட்கள், அமைப்புகள் எல்லாம் அந்த ஒரே கோப்புறைக்குள் இருக்கும். கோப்புறையை அப்படியே பிரதி பண்ணலாம், வேண்டாமென்றால் அழித்துவிடலாம்.

லாப்பில் எது மிகப் பழைய லினக்ஸ் என்று பார்த்து அதிலேயே கட்டுங்கள். உபுண்டு 24.04இல் ஜிலிப்சி (மற்ற நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி) 2.39, 22.04இல் 2.35. புதியதில் கட்டியதைப் பழையதில் ஓட்டினால் ‘ஜிலிப்சி பதிப்பு காணவில்லை’ என்று மறுத்துவிடக்கூடும். பழையதில் கட்டியது புதியதில் பெரும்பாலும் ஓடும். ‘-மார்ச்=நேட்டிவ்’ போடச் சொல்லிப் பலர் எழுதுவார்கள்; லாப்புக்கு அது கூடாது. கட்டிய கொம்பியூட்டரின் பிராசசருக்கு மட்டுமேயான கட்டளைகள் உள்ளே போய், மற்றதில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்சன்’ என்று திறந்தவுடனேயே மூடிக்கொள்ளும்.

பிரதி பண்ணிய ஒவ்வொன்றிலும் ‘எல்டிடி’ கட்டளையை லுவான்டி கோப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள். ‘நொட் ஃபவுண்ட்’ என்று வரும் லைப்ரரிகளை ஏபிடியால் போடுங்கள். இங்கே டெவ் தேவையில்லை, ஓடும் பக்கேஜ் போதும். லுவான்டி வெறும் இயந்திரம்தான், விளையாட்டு அதோடு வராது. ‘கன்டென்ட்டிபி’ என்ற லுவான்டித் தளத்தில் இருந்து ஒன்றை ஒரே ஒருமுறை இறக்கி, ‘கேம்ஸ்’ கோப்புறைக்குள் வைத்தபின் பிரதி பண்ணுங்கள். 15 தரம் டேட்டா போகாது. உங்கள் கொம்பியூட்டரில் சேர்வர் வைத்தால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே உலகத்துக்குள் வரலாம், இன்டர்நெட் தேவையில்லை. ஃபயர்வோல் போட்டிருந்தால் யூடிபி 30000ஐத் திறந்துவிடுங்கள்.

மல்லாகம்: கொம்பைல் சரியா முடிஞ்சுது. ஆனா விளையாட்டு ஆமை மாதிரிப் போகுது.

இரண்டு இடம் பாருங்கள். ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி’ கொடுங்கள் (‘பி’ என்பது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து, பெரிய எழுத்தில்). ரெண்டரர் என்ற இடத்தில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தால் கிராபிக்ஸ் சிப் வேலை செய்யவில்லை, எல்லாவற்றையும் பிராசசரே கீறிக்கொண்டிருக்கிறது. முதலில் டிரைவரைச் சரிபாருங்கள். அது சரியென்றால், சிமேக்கில் பில்ட் வகை ‘ரிலீஸ்’ என்று கொடுத்தீர்களா? ஒன்றும் கொடுக்காவிட்டால் சில விளையாட்டுகள் வேகப்படுத்தல் எதுவும் இல்லாமல் கட்டப்படும்.

நல்லூர்: அண்ணை, ஓப்பன்டிடிடியில தமிழ் இருக்கெண்டு கொம்பைல் பண்ணினன். எழுத்து வருது, ஆனா கொம்பு எல்லாம் இடம் மாறி நிக்குது. தமிழ் மொழிபெயர்ப்புப் பிழையோ?

மொழிபெயர்ப்பில் பிழை இல்லை, தங்கச்சி. கொம்பைல் பண்ணியபோது இரண்டு லைப்ரரி விடுபட்டுப்போனதுதான் காரணம்.

‘கெ’ என்று நாங்கள் எழுதும்போது கொம்பை முதலில் போட்டுக் ககரத்தைப் பிறகு போடுகிறோம். யுனிகோடில் அது மறுவளமாகச் சேமிக்கப்படுகிறது: முதலில் ககரம், பிறகு கொம்பு. திரையில் காட்டும் நேரத்தில் யாராவது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். ‘கொ’ இன்னும் சிக்கல்: ககரத்துக்குப் பின்னால் ஒரே குறியாக இருப்பதை இரண்டாக உடைத்து, கொம்பை முன்னாலும் அரவைப் பின்னாலும் வைக்க வேண்டும். ஒரு நிலையத்துக்குக் கொடிகாமம் என்று பெயர் வைத்துப் பாருங்கள். முதல் எழுத்திலேயே ககரத்துக்குப் பின்னால் கொம்பு நின்றால் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை என்று அர்த்தம். யாழ்ப்பாணம் என்று வைத்தால் இந்தப் பிழை தெரியாது, அதில் கொம்பே இல்லை.

ஓப்பன்டிடிடியில் அந்த வேலைக்கு ஹார்ஃப்பஸ், ஐசியு என்ற இரண்டு லைப்ரரியும் வேண்டும். இவை கட்டாயமில்லை என்று எழுதியிருப்பதால், இல்லாவிட்டாலும் சிமேக் நிற்காது. பேசாமல் விட்டுவிட்டுப் போகும். ஆங்கிலத்தில் விளையாடுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. எங்களுக்கு அவை கட்டாயம்.

செய்ய வேண்டியது: ‘லிப்ஹார்ஃப்பஸ்-டெவ்’, ‘லிப்ஐசியு-டெவ்’, ‘லிப்ஃபொன்ட்கொன்ஃபிக்-டெவ்’, ‘லிப்ஃப்ரீடைப்-டெவ்’ நான்கையும் போடுங்கள். பிறகு பழைய பில்ட் கோப்புறையை முழுதாக அழியுங்கள். இங்கே மட்டும் அழிக்கத்தான் வேண்டும்; சிமேக் முதல் தரம் கண்டதையும் காணாததையும் தன் காஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். புதிய கோப்புறையில் சிமேக் ஓடும்போது வரிகளை ஆறுதலாக வாசியுங்கள். ஹார்ஃப்பஸ், ஐசியு இரண்டுக்கும் ‘ஃபவுண்ட்’ என்று வந்தபின் மேக் கொடுங்கள். தமிழ் எழுத்துருவாக ‘ஃபொன்ட்ஸ்-லோகிட்-டாம்ல்’ பக்கேஜ் போதும்.

எழுத்து சரியாகி, ஆனால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டினால் அளவு காணாது. ஓப்பன்டிடிடியின் அமைப்புக் கோப்பில் ‘மீடியம்_சைஸ்’ என்பதை 14 ஆக்குங்கள். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவில் ‘ணை’யும் ‘ழ’வும் தெளியாது.

கோண்டாவில்: ‘சூடோ மேக் இன்ஸ்டோல்’ குடுத்திட்டன். இப்ப அழிக்க ஏபிடிக்கு அது தெரியேல்ல.

ஏபிடிக்குத் தெரியாமல் நேரே ‘யூஎஸ்ஆர்/லோக்கல்’ உள்ளே போய்விட்டது. சிமேக்கால் கட்டியது என்றால் பில்ட் கோப்புறையில் ‘இன்ஸ்டோல்_மனிஃபெஸ்ட்’ என்ற கோப்பைத் தேடுங்கள். எந்தக் கோப்பு எங்கே போனது என்று வரி வரியாக இருக்கும். அதைத் திறந்து ஒருதரம் வாசித்துவிட்டு, ‘எக்ஸ்ஆர்க்ஸ்’ மூலம் ‘சூடோ ஆர்எம்’முக்குக் கொடுங்கள். பில்ட் கோப்புறையை ஏற்கெனவே அழித்துவிட்டீர்கள் என்றால், அதே பதிப்பை அதே அமைப்போடு திரும்பக் கட்டி இன்ஸ்டோல் பண்ணுங்கள். பட்டியல் திரும்ப வரும். அடுத்த முறை சிமேக்குக்கு இன்ஸ்டோல் பிரிஃபிக்ஸாக (போய் இருக்கும் இடமாக) உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் ‘.லோக்கல்’ என்பதைக் கொடுங்கள், சூடோவே தேவைப்படாது.